காலையில் நெட்டை, ராத்திரியில் குட்டை!

“உங்கள் உயரம் என்ன?” என்று யாராவது கேட்டால் நாம் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். ஐந்தடி இரண்டங்குலம், ஐந்தடி மூன்றங்குலம் என்று. என்றைக்கோ பள்ளிக்கூடத்தில் சுவரோடு நிற்க வைத்து அளந்த அளவு. எடை ஏறும், இறங்கும். உயரம் எங்கே போய்விடப் போகிறது? என் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது, தை மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வரைக்கும்.

என் அண்ணன் மகள் எங்கள் வீட்டில் தங்கித்தான் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறாள். அண்ணன் குடும்பம் தாராபுரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறது. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் மாடுதான் கதி. பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூருக்கு வந்துவிட்டாள். செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களை மேஜைமேல் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். நின்றுகொண்டே, கொஞ்சம் முன்னால் குனிந்துகொண்டே செய்கிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரையோடு ஒரு ஷிப்ட். அதற்குமேல் ராத்திரி ஒன்பது மணி வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை!

இந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. தமிழ்நாட்டுப் போலீசில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். 2023-ல் பொன்விழாவே கொண்டாடிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கண் சொக்கச் சொக்கப் படித்துப் பரீட்சை எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டாள்! அடுத்தது உடல் அளவு பார்ப்பது. 2023-ம் வருஷத்து அறிவிப்பின்படி, இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பெண்களின் உயரம் குறைந்தது 159 செ.மீ. இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடிப் பிரிவினருக்கு 157 செ.மீ. எங்கள் பெண்ணுக்கு 159 கட்டாயம்.

“போச்சுங்க அத்தை!”

அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்பதரை மணிக்கு வந்தவள், செருப்பைக் கழற்றியதும் நேரே கதவு நிலையருகே போய் நின்றாள். “அத்தை, டேப்பு எடுங்க, அளந்து பாத்துரலாம்” என்றாள். டேப்பு இல்லாத வீடு திருப்பூரில் உண்டா? தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 158.6 செ.மீ. மறுபடியும் அளந்தேன். அதே அளவு.

“போச்சுங்க அத்தை! அரை சென்டிமீட்டர்கூட இல்லீங்க, நாலு மில்லிமீட்டர்! ஒரு அரிசி அகலத்துல போச்சுங்க” என்று அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. படிக்காமல் தோற்றால் அடுத்த தடவை படிக்கலாம். உயரத்துக்கு என்ன செய்வது?

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எந்நேரத்துல அளந்தீங்க?”

“இப்பத்தாங்கண்ணா.”

“அதான பாத்தேன். ரோலைப் பிரிச்ச உடனே துணிய அளந்தா ஒரு அளவு, ஒரு நாள் ஆறப் போட்டு அளந்தா இன்னொரு அளவு. ஆறப் போடாத துணிய வெட்டினா பீஸ் அத்தனையும் சைஸ் பத்தாம திரும்பி வந்துரும். மனுசனுக்கும் அப்படி இருக்குமோ என்னமோ? புள்ள நாள் முழுக்க நின்னுட்டு வந்திருக்குது. தூங்கட்டும். காலைல எந்திரிச்ச உடனே ஒருக்கா அளந்து பாருங்க.”

பின்னல் துணியை உருளையில் இழுத்துச் சுற்றும்போது நீண்டுவிடுகிறது; பிரித்துப் பரப்பிப் போட்டால் தன் நிஜ அளவுக்குச் சுருங்கி வருகிறது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மனிதருக்கு? அவர் ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

காலை ஐந்து மணிக்குப் பாயை விட்டு எழுந்தவளை முகம் கழுவக்கூட விடாமல் நிலையில் நிறுத்தினேன். அதே டேப்பு, அதே புத்தகம், அதே நிலை. 160.2 செ.மீ.! ராத்திரிக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் புதுக் கோடு. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். துணி ஆறினால் சுருங்குகிறது. நாம் ஆறினால் நீளுகிறோம்!

முதுகுக்குள் நுங்கு

கைமடிக்கும் வேலையில் ஆரம்பித்து நானும் பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனிக்குப் போனவள்தான். அதில் மிஞ்சியது இந்த இடுப்பு வலி. அதற்காகப் பார்க்கும் லேடி டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இதை மறக்காமல் கேட்டேன். அவர் சிரித்தார். “உங்க பொண்ணுக்கு மட்டுமில்லம்மா, எனக்கும் உங்களுக்கும் எல்லாருக்கும் அப்படித்தான். யாரும் அளந்து பாக்கறதில்ல, அவ்வளவுதான்” என்றவர் பொறுமையாக விளக்கினார்.

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை எலும்புத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை வைத்தாற்போல ஒரு வட்டத் தட்டு. இதைத்தான் ‘டிஸ்க்’ என்கிறார்கள். ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று சொல்லிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோமே, அதே டிஸ்க்தான். மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இவைதான்.

டிஸ்க் எப்படி இருக்கும்? நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே முரட்டு நார், உள்ளே வழவழவென்று கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் பத்துக்கு எட்டுப் பங்கு தண்ணீர். நாம் எழுந்து நின்றதும் தலை, தோள், கை, வயிறு எல்லாவற்றின் பாரமும் டிஸ்க்குகள் மேல் இறங்குகிறது. அழுத்தம் தாங்காமல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு டிஸ்க் ஒரு மில்லிமீட்டர்கூட மெலிவதில்லை. ஆனால் 23-ஐயும் கூட்டிப் பாருங்கள்! அதுதான் ராத்திரியில் காணாமல் போன ஒன்றரை சென்டிமீட்டர்.

ராத்திரி படுத்ததும் பாரம் விலகுகிறது. அந்தக் கூழில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்கிறது. ராத்திரி ஊறப் போட்ட கொண்டைக்கடலை காலையில் உப்பி நிற்பதுபோல, டிஸ்க்குகளும் தண்ணீரை உறிஞ்சி மறுபடி பருத்துவிடுகின்றன. காலையில் நாம் நெட்டை!

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1724-லேயே ஜோசப் வாஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், காலை உயரத்துக்கும் ராத்திரி உயரத்துக்கும் வித்தியாசம் இருப்பதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். 1935-ல் டி புக்கி என்ற மருத்துவர், ஐந்து வயதுப் பிள்ளைகளிலிருந்து 90 வயதுப் பெரியவர்கள் வரை 1,216 பேரை அளந்தார். சராசரி வித்தியாசம் 15.7 மில்லிமீட்டர். அதாவது உயரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு, வயதானவர்களுக்கு அரைப் பங்கு. வயதாக ஆக டிஸ்க்கில் தண்ணீர் பிடிக்கும் சக்தி குறைந்துவிடுவதால், பெரியவர்களின் உயரம் பகலில் அதிகம் இறங்குவதுமில்லை, ராத்திரியில் அதிகம் ஏறுவதுமில்லை.

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கோ பாரமே கிடையாது. அங்கே அவர்கள் நூற்றுக்கு மூன்று பங்கு வரை உயர்ந்துவிடுகிறார்களாம். பூமிக்குத் திரும்பினால் பழைய உயரம்தான். இதைச் சொன்னபோது எங்கள் பெண், “அப்ப நான் ராக்கெட்டுல போயிட்டு வந்து போலீஸ்ல சேந்துக்கறேனுங்க அத்தை” என்றாள். அழுத முகத்தில் சிரிப்பு வந்ததே, அது போதும் என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

ஆனால் சிரித்தால் ஆயிற்றா? காலையில் 160.2, ராத்திரி 158.6. நடுவே எந்த நேரத்தில் 159-க்குக் கீழே போகிறாள்? அதல்லவா தெரிய வேண்டும்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க அளந்தோம். ஐந்து மணிக்கு 160.2. ஆறு மணிக்கு 159.4. எட்டு மணிக்கு 159.2. மத்தியானம் பன்னிரண்டுக்கு 158.9!

டாக்டரிடம் காகிதத்தைக் காட்டினேன். “சரியாத்தான் இருக்கு” என்றார். 1985-ல் இங்கிலாந்தில் செய்த ஒரு ஆராய்ச்சியில், ஒரு நாளில் இழக்கும் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது என்று கண்டிருக்கிறார்களாம். மீதி, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. திரும்பி வருவதும் அப்படித்தான். ராத்திரி கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, தூக்கத்தின் முதல் பாதியிலேயே வந்துவிடும்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு சமாசாரமும் இருக்கிறது. மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி உயரமாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் உயரம் திரும்புகிறது. இதையும் பார்த்துவிடுவது என்று, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அவளைப் பாயில் படுக்கவைத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலி மேல் வைக்கச் சொன்னேன். அரை மணி நேரம். எழுந்ததும் அளந்தால் மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. பக்கத்தில் நானும் அதேபோலப் படுத்திருந்தேன். என் உயரத்தை யார் அளந்தார்கள்? ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் என் இடுப்பு என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

விடிந்ததும் குனியலாமா?

டாக்டர் சொன்னதில் என்னைச் சுருக்கென்று குத்திய விஷயம் ஒன்று உண்டு. 1999-ல் ஜெர்மனியில் உல்ம் நகரில், தாமே முன்வந்த ஒருவரின் டிஸ்க்குக்குள் சின்னக் கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். படுத்திருக்கும்போது அழுத்தம் 1 என்றால், நிற்கும்போது 5. முன்னால் குனிந்தால் 11. 20 கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கினால் 23! அதே சுமையை முழங்காலை மடக்கித் தூக்கினால் 17.

இப்போது நம் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். எழுந்ததும் விளக்குமாற்றை எடுத்துக் குனிந்து வாசல் பெருக்குகிறோம். சாணி தெளித்து, குனிந்தே கோலம் போடுகிறோம். குழாயில் தண்ணீர் வருகிற நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ. அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடமாக இருந்தால் குடத்தின் கனம் வேறு! இடுப்பை வளைத்துத் தூக்கி, ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நடக்கிறோம்.

காலையில் டிஸ்க்குகள் தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கிற நேரம். அந்த நேரத்தில் குனிந்தால், சாயங்காலம் குனிவதைவிடப் பல மடங்கு இழுவிசை டிஸ்க்கின் மேல் விழுகிறது. 1998-ல் அமெரிக்காவில் நெடுநாள் இடுப்பு வலிக்காரர்களை, எழுந்த பிறகு கொஞ்ச நேரம் குனியாமல் இருக்கச் சொல்லிப் பழக்கினார்கள். அவர்களுக்கு வலி வரும் நாட்கள் குறைந்தன.

“அப்போ கோலம் போட வேண்டாமா டாக்டர்?” என்று கேட்டேன். “தாராளமாப் போடுங்க. முதல்ல அடுப்பு வேலையைப் பாருங்க, கொஞ்சம் நடங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வாசலுக்கு வாங்க. வாசல் எங்கேயும் ஓடிப் போகாது” என்றார். மாற்றிப் பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டில் காப்பிக்கு அப்புறம்தான் கோலம். முதல் வாரம் பக்கத்து வீட்டம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாவது வாரம் காரணம் கேட்டார். மூன்றாவது வாரம் அவர் வீட்டுக் கோலமும் தாமதமாகிவிட்டது!

அரை ஷிப்ட் சண்டை

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்டோடு வந்து ஓட்டப் பயிற்சி செய்துவிட்டு நேரத்தோடு தூங்கட்டும் என்று நான் சொன்னேன். போனில் அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“அந்த அரை ஷிப்ட் காசுலதான் சீட்டு கட்டறோம், தெரியுமா உங்களுக்கு? உயரம் இருந்தா இருக்குது, இல்லீனா இல்ல. தூங்கினா வளந்துருவாளா?”

அண்ணி சொன்னதிலும் தப்பில்லை. வீட்டுக் கணக்கு அவளுக்குத்தானே தெரியும்? தூங்கினால் யாரும் வளர்ந்துவிட மாட்டார்கள். வாஸ்தவம்தான். பகலில் விட்டதைத் திரும்பப் பெறத்தான் தூக்கம். பதினொரு மணிக்குப் படுத்து நாலரை மணிக்கு எழுந்தாலும் உயரத்தில் பெரும் பங்கு வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் 159-ல் நிற்கிற பெண்ணுக்குக் கடைசி இரண்டு மில்லிமீட்டரும் வேண்டுமே! அதோடு, பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு மைதானத்தில் ஓடவும் முடியாது. கடைசியில் அந்த மாதச் சீட்டுப் பணத்தை நான் கட்டுவது என்று பேசி முடித்தோம். எனக்குக் கம்பெனியில் கிடைக்காத ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

அளவெடுப்பு கோயம்புத்தூரில். விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போகாமல், முந்தின நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் கடைசி நிமிஷம் வரை அவள் நாற்காலியில் கால் வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆட்டோவில் போய் இறங்கினோம். காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் முறை வந்தது. நான் வெளியே கேட்டருகில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

159.3 செ.மீ.!

இது ஏமாற்று அல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. டாக்டர்தான் தெளிவுபடுத்தினார். காலை உயரமும் அவளுடையதுதான், ராத்திரி உயரமும் அவளுடையதுதான். எதை வைத்தும் கூட்டவில்லை. இதில் மந்திரமும் இல்லை, 156 செ.மீ. பெண் எத்தனை மணி நேரம் தூங்கினாலும் 159 ஆக மாட்டாள். வளர்ச்சி முடிந்து எலும்பு முனைகள் மூடிய பிறகு எந்த மாத்திரையும், எந்தப் பொடியும் உயரத்தைக் கூட்டாது. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

திரும்பி வராத உயரம்

இந்த அமளியெல்லாம் நடக்கையில் என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். எழுபத்திரண்டு வயது. ஒரு நாள் நிலையில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு, “நான் கலியாணமாகி வந்தப்ப நம்ம பழைய வீட்டுச் சமையக்கட்டு நிலைல தலை இடிக்கும். குனிஞ்சுதான் போவேன். இப்ப நிமுந்தே போறேன். நெலை உசந்துருச்சோ என்னமோ!” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ராத்திரி படுத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நிலையா உயரும்? அண்மையில் அவருடைய சேலை தரையில் புரளுவதையும், முதுகு கூன் விழுந்திருப்பதையும் வயசு என்று விட்டிருந்தோமே!

டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்புத் துண்டுகளில் இரண்டு நசுங்கியிருந்தன. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் வேகமாகக் குறைகிறது. பலமிழந்த எலும்பு, ஒரு குடம் தூக்கினாலோ பலமாகத் தும்மினாலோகூட நசுங்கலாம். பல சமயம் பெரிய வலியே தெரியாது. உயரம் குறைவது ஒன்றுதான் அடையாளம். இது ராத்திரி தூங்கினால் காலையில் திரும்பி வருகிற உயரம் அல்ல. ஆனால் மேலும் நசுங்காமல் காப்பாற்ற மருந்து இருக்கிறது. அத்தைக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து, மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். “இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா இடுப்பெலும்பு உடைஞ்சு வந்திருப்பாங்க” என்றார் டாக்டர். போலீஸ் வேலைக்காக அளக்கப் போய், பெரியவருக்கு நன்மை ஆயிற்று.

நீங்களும் அளந்து பாருங்கள்

1. செருப்பு இல்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நில்லுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தலைமேல் கெட்டிப் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துக் கோடு போட வேண்டும்.

2. பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறித்து வைப்பவர்கள் எப்போதும் ஒரே வேளையில் அளக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளரும். போன தடவை காலையிலும் இந்தத் தடவை சாயங்காலமும் அளந்தால், பிள்ளை வளரவே இல்லை என்று வீண் கவலைதான் மிஞ்சும்.

3. எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிவதையும் பாரம் தூக்குவதையும் தள்ளிப் போடுங்கள். குடத்தை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

4. நாள் முழுக்க நிற்கும் வேலையோ தையல் மெஷினில் குனிந்து உட்காரும் வேலையோ செய்பவர்கள், வீடு வந்ததும் இருபது நிமிஷம் மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம். கால் மரத்துப் போவது, வலி காலுக்கு இறங்குவது இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

5. நாற்பதைத் தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தால் எலும்பைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் மாமியார், அம்மா இருந்தால் அவர்களையும் நிறுத்தி அளந்துவிடுங்கள்.

6. வளர்ந்த பெண்ணுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ராகிக் களி, கீரை, தயிர் இவற்றை விடாதீர்கள். விடிந்து கம்பெனிக்குள் போய் இருட்டியபின் வெளியே வரும் பெண்கள் மத்தியான இடைவேளையில் கொஞ்சம் வெயிலில் நடந்தால் நல்லது.

எங்கள் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? உயரத்தில் தேறினாள், ஓட்டத்திலும் தேறினாள். ஆனால் கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை. “மார்க்குதானுங்க அத்தை, அது படிச்சா வரும்” என்றாள். மறுபடியும் எழுதப் போகிறாள்.

இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கே வந்துவிடுகிறாள். சீட்டு எடுத்துக் கடனை அடைத்தாகிவிட்டதால் அண்ணியும் ஒன்றும் சொல்வதில்லை. ராத்திரி பத்து மணிக்கு நான் விளக்கை அணைக்கும்போது, “இன்னும் ஒரு பாடம் இருக்குதுங்க” என்று கெஞ்சுவாள்.

“பகல்ல விட்டதை ராத்திரி திருப்பிக் குடுக்கும் கண்ணு. ராத்திரியவே விட்டுட்டா யாரு குடுப்பாங்க? படு” என்பேன்.

கதவு நிலையில் அந்த இரண்டு பென்சில் கோடுகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வந்தவரிடம்கூட, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.